காட்டு வெங்காயமும் என் மூக்கும்

பிப்ரவரி 19

இன்று பால் தீய்ந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் காகிதக் கட்டு இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் "என்னமோ தீயுது மாஸ்டர்!" என்று கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கேண்டீனில் என்னோடு வேலை செய்கிற அக்கா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"என்ன மாஸ்டர், நின்னுக்கிட்டே தூக்கமா?"

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றேன். பொய். நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினேன். டிசம்பரில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது, அதுதான் விஷயம். மூக்கு முகத்தில் இருக்கிறது, வேலைக்குத்தான் வருவதில்லை. இரண்டு மாதமாக ஒரு வாசனையும் தெரியவில்லை.

இந்த அச்சகத்து கேண்டீனில் பதினாலு வருடமாக அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறவன் நான். மூக்கில்லாத சமையல்காரனை எவன் வைத்துக்கொள்வான்? வேறு வேலையும் எனக்குத் தெரியாது. அதனால் மருத்துவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22

உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிகிறது. நாக்கு நல்ல பிள்ளை. மிச்சத்தை அளவுக் கரண்டியும் கடிகாரமும் பார்த்துக்கொள்கின்றன. இதுவரை ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பதினாலு வருடமாகக் கைமணம் கைமணம் என்று நான் பீற்றிக்கொண்டது வெறும் அளவுக் கரண்டிதானா?

மார்ச் 1

மச்சினன் வந்திருந்தான். மின்கம்பம் ஏறுகிற வேலை அவனுக்கு. மலைப்பக்கம் கம்பி அறுந்ததைச் சரிசெய்யப் போனவன், ஈரக் காகிதத்தில் சுற்றி ஒரு கொத்து செடி கொண்டுவந்தான். புல் மாதிரி ஒல்லி இலை. அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெள்ளைக் கிழங்கு, மேலே மெல்லிய தோல்.

"மாமா, காட்டு வெங்காயம்! மோந்து பாருங்க, தூக்கிடும்."

மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "அடேயப்பா" என்றேன். நாடகத்துக்குப் போயிருக்கலாம் நான்.

என் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "நரிவெங்காயமா? அது விஷமாச்சே. என் புருஷனுக்கு வேற எதுவும் கெடைக்கலையா உனக்கு?"

"அது தேங்காய் சைஸுக்கு இருக்கும், அக்கா. இது வேற. ஆனா இதே மாதிரியே இன்னொண்ணு அந்தச் சரிவுலேயே மொளைக்கும். அதே இலை, அதே கிழங்கு. தின்னா வாந்தி, மயக்கம், ஆளே காலி. கண்டுபிடிக்க ஒரே வழி வாசனைதான். வெங்காயம் அடிச்சா வெங்காயம், இல்லைன்னா தூரப் போடணும்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். உலகத்தில் எத்தனையோ செடி இருக்க, மூக்கு கேட்கிற செடிதானா என் வீட்டுக்கு வரவேண்டும்?

மார்ச் 2

பின்கட்டில் பழைய பழப்பெட்டியில் நட்டுவிட்டேன். பாதி மண், பாதி மணல், ஒரு கை மட்கிய இலை. கிழங்கின் கூர் மேலே பார்க்க, மூன்று விரல் ஆழம், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நான்கு விரல் இடைவெளி. காலை வெயில் போதும், மத்தியானம் நிழல். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று மச்சினன் சொன்னதால் பெட்டியின் அடியில் ஆணியால் ஒன்பது ஓட்டை போட்டேன்.

மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஏதாவது ஒரு வாசனையைத் தினமும் பழக்கிப் பாருங்கள், வந்தாலும் வரலாம் என்று. இதையே வைத்துக்கொள்வோம். தினம் காலையில் ஒரு இலை.

மார்ச் 3

இல்லை.

மார்ச் 4

இல்லை.

மார்ச் 9

இல்லை. ஆனால் புது இலை வந்திருக்கிறது.

மார்ச் 15

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள், "எத்தனை நாளா?"

"எது?"

"தெனம் காலையில இலையைக் கசக்கி மூக்குல வெச்சுக்கிட்டு, மாடு மாதிரி நிக்கறீங்களே. அது."

சொன்னேன். மூன்று மாதம் என்றதும் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. "எங்கிட்ட மறைச்சது போகட்டும். அறுபது பேரு சாப்பிடற எடம் அது. நாளைக்கே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அடுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டுமே."

அவளுக்கு என்ன, சொல்லிவிட்டாள். அந்த அடுப்பு இல்லாமல் நான் யார்? அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாதானம் பண்ணினேன்.

ஏப்ரல் 6

அடுத்த வாரங்கள் மூன்று போய்விட்டன.

செடி நன்றாக இருக்கிறது. இலையை வேரோடு பிடுங்கக் கூடாது, ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தரிக்கவும் கூடாது. கிழங்குக்குச் சாப்பாடு அனுப்புவதே இலைதான். மச்சினன் கொத்தைக் கொண்டுவந்த அன்றே ஒவ்வொன்றாகக் கிள்ளி மோந்துதான் எடுத்தானாம். அதனால் பயமில்லாமல் நறுக்கி முட்டையில் போட்டேன். அடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் போடவேண்டும், வெந்தால் குணம் போய்விடுமாம். எனக்கு நாக்கில் ஒரு சின்ன எரிச்சல், கண்ணோரம் ஒரு கசிவு. அவ்வளவுதான் என் பங்கு. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றுமே பேசாமல் இரண்டாவது வாய் சாப்பிட்டாள். அவளிடம் அதுதான் பெரிய பாராட்டு.

ஏப்ரல் 21

ஆசை யாரை விட்டது? ஒரு டப்பாவில் அந்த முட்டையைக் கேண்டீனுக்குக் கொண்டுபோனேன். அக்கா ஒரு துண்டு எடுத்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள் இவள், ஆனாலும் அச்சகம் முழுக்க இவளை அக்கா என்றுதான் கூப்பிடும். காய் நறுக்குவது, கழுவுவது, பரிமாறுவது எல்லாம் பன்னிரண்டு வருடமாக இவள் கைதான். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "மாஸ்டர், மழை பெஞ்ச மறுநாள் மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். அவரும் ஒரு துண்டு. பிறகு இன்னொன்று. "மே மாசம் நம்ம பழைய வாடிக்கையாளருக்கெல்லாம் விருந்து இருக்கு. எண்பது பேர். அன்னைக்கு இதை வெச்சு ஒரு சூப் பண்ணிடுங்க."

சரி சார் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எப்படி என்று என்னிடம்தான் கற்கவேண்டும். என் பழப்பெட்டியில் இருப்பது இருபத்தொரு செடி.

ஏப்ரல் 22

மச்சினனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கவலையே படாதீங்க மாமா, ஒரு மூட்டை கொண்டாந்து போட்டுடறேன்" என்றான். அவன் கவலைப்படாதே என்றாலே எனக்குக் கவலை வரும்.

மே 13

நாளை விருந்து. மூட்டை இன்று காலை நேராகக் கேண்டீனுக்கே வந்துவிட்டது. இருநூறுக்கு மேல் இருக்கும், மண்ணும் வேருமாக.

இதை நான் எப்படிப் பார்ப்பது? யோசித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இதே மாதிரி விஷச்செடி ஒன்று உண்டு, ஒவ்வொன்றையும் கிள்ளி மோந்து பார்த்துப் போடு என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை அவள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கிள்ளினாள், மோந்தாள், கூடையில் போட்டாள். ஒரு மணிநேரத்தில் மூட்டை காலி.

"எல்லாம் வெங்காயம்தான் மாஸ்டர். ஒண்ணுகூட கழியல."

நிம்மதியாகக் கழுவ உட்கார்ந்தேன். கழுவும்போதுதான் என்னவோ உறுத்தியது. மூக்கு போனதிலிருந்து கண் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது போல. இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் ஒரு இலையை நகத்தால் கிள்ளியவன் நான். என் பெட்டியில் இருக்கிற இலை மட்டமாக இருக்கும், உள்ளே லேசாகத்தான் குழியும். இந்தக் கூடையில் அந்த மாதிரியும் இருக்கிறது, நடுவில் படகின் அடிப்பாகம் போல மடிந்த இலையும் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஐந்து. தனியாக எடுத்து வைத்தேன்.

"இதை மட்டும் இன்னொரு தடவை பாரேன்."

மோந்தாள். "வெங்காயம்தான்."

"இது?"

"வெங்காயம்தான் மாஸ்டர். எத்தனை தடவை கேப்பீங்க?"

பக்கத்தில் கிடந்த உருளைக்கிழங்கை எடுத்து நீட்டினேன். "இது?"

மோந்தாள். முகம் மாறியது. "இதுவும் வெங்காயம் அடிக்குதே..." என்று சொல்லிக்கொண்டே தன் விரலைப் பார்த்தாள். இருநூறு இலை கிள்ளிய விரல். அந்த விரலில் கல்லைக் கொடுத்தாலும் வெங்காயம்தான் அடிக்கும்.

மடிந்த இலைகள் ஐந்தையும் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவலாளி அப்போதுதான் குளித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தார். அக்காவும் பின்னாலேயே வந்துவிட்டாள். காவலாளி நிதானமாக ஒவ்வொன்றாகக் கிள்ளி மோந்தார்.

"புல்லு வாசனை. இதுவும் புல்லு. இதுவும்..." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாஸ்டர், இதை நீங்களே மோந்து பாக்கக் கூடாதா?"

அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு பொய் ஏதாவது வருமா என்று தேடினேன். வரவில்லை.

"எனக்கு மூக்கு போயி அஞ்சு மாசம் ஆச்சு."

அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடை முழுவதையும் பிரித்தேன். மடிந்த இலை முப்பத்தேழு. மிச்சத்தையும் நம்பவில்லை, எல்லாவற்றையும் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். பிறகு மேலாளர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "நாளைக்கு வாங்க. அடுப்புப் பக்கம் மட்டும் போக வேண்டாம். யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

திட்டியிருக்கலாம்.

மே 14

விருந்துக்கு அக்கா காரட் சூப் வைத்தாள். நான் தட்டு கழுவினேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் அவள் பேசவில்லை.

மே 17

மச்சினன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மொதல்ல பத்துப் பதினஞ்சு மோந்து பாத்துதான் மாமா பிடுங்கினேன். அப்புறம் எல்லாமே வெங்காயம் அடிச்சுது. நல்ல எடம்தான் போலன்னு சரசரன்னு..." அவனைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நானும் நீயும் ஒரே பள்ளிக்கூடம்டா என்றேன்.

மே 20

இன்று அக்கா பேசினாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே வந்து நின்று, மெதுவாகத்தான் பேசினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க அன்னைக்கு என்னை மோந்து பாக்கச் சொன்னப்போ நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? எப்படியும் எனக்கப்புறம் மாஸ்டர் ஒரு தடவை பாப்பாருன்னு நெனைச்சேன். பன்னெண்டு வருஷமா அப்படித்தானே? நான் விட்டதை நீங்க பிடிப்பீங்க. அந்த நெனைப்புலதான் வெரசா முடிச்சேன். பின்னாடி ஆளே இல்லைன்னு தெரிஞ்சிருந்தா, ஒவ்வொண்ணுக்கும் கையைக் கழுவிட்டு மோந்திருப்பேன். எண்பது பேரு, மாஸ்டர். என் கையால."

ஐந்து மாதமாக நான் என்னை மட்டும்தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். என் வேலை, என் மூக்கு, என் மானம். அவள் என்மேல் சாய்ந்து நின்றிருக்கிறாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

மே 28

முடிவு வந்துவிட்டது. இனிமேல் அடுப்பு அக்காவுடையது. காய் வாங்குவதும், பார்ப்பதும், நறுக்குவதும் நான். மேலாளர் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நல்ல முடிவு சார் என்றேன். வீட்டுக்கு வந்து பின்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் களை பிடுங்கினாள்.

ஜூன் 30

பூத்திருக்கிறது. ஒரே தண்டின் நுனியில் கொத்தாக, இளஞ்சிவப்பில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு. விஷச்செடி வெள்ளையாகப் பூக்குமாம். இங்கே இருபத்தொன்றும் ஒரே நிறம், ஒரு பூகூட மாறவில்லை. மோந்து பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 16

விதை கறுப்பாக உதிர்கிறது. குளிர் பட்டால்தான் முளைக்குமாம். ஈர மணலில் கலந்து டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு மாதம் அங்கேயே இருக்கட்டும். டப்பாமேல் "சாப்பிடக் கூடாது" என்று எழுதச் சொன்னாள் மனைவி. யார் சாப்பிடப்போகிறார்கள் என்றேன். என் தம்பி வருவான் என்றாள்.

அக்டோபர் 11

கொத்துகளைப் பிரித்தேன். ஒன்று நட்ட இடத்தில் மூன்று நான்கு கிழங்கு. பெரியதை நட்டுவிட்டு, பொடிசுகளைக் காடியில் போட்டு ஊறவைத்தேன். மேலாளர் அனுமதி கொடுத்ததால் கேண்டீனுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பாத்தி. கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பார்த்தாள்.

"இதுல அந்த இன்னொண்ணு வராதே?"

"எல்லாம் பூத்த கிழங்கு. பூவை நானே பாத்தேன். ஆனாலும் வரலாம்னு நெனைச்சுதான் வேலை பாக்கணும்."

அவள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 20

ஒரு வருடம் ஆகிறது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். இனி வராது என்று சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. தினம் ஒரு இலை என்பதை இன்றோடு நிறுத்துகிறேன். கோபமெல்லாம் இல்லை. இலை மிச்சம்.

பிப்ரவரி 26

பாத்தியில் பச்சை. விதையிலிருந்து வந்தவை நூல் மாதிரி நிற்கின்றன. இவை கிழங்கு கட்ட இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். பிரித்து நட்டவை இப்போதே ஒரு விரல் உயரம்.

ஏப்ரல் 9

இன்றைக்குக் கேண்டீனில் காட்டு வெங்காய சூப். முதல் தடவை. இலையை நேற்று மாலையே நான் அறுத்துக் கொடுத்துவிட்டேன். அக்கா கைகழுவி ஒன்று, கைகழுவி இன்னொன்று என்று காலையில் மோந்து வைப்பதாகவும், பிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்ப்பதாகவும் பேச்சு.

சந்தையில் நாளைக்குக் காய் சொல்லிவிட்டு நான் வந்த பஸ் பாலத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். கேண்டீன் வாசலை அடைந்தபோது மணி ஒன்று இருபது. அறுபது பேரும் கையில் தட்டோடு வரிசையில். பின்னாலிருந்து யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். மேலாளர் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து, தீ சிறுத்து, பானை மூடியிருந்தது. பலகைமேல் இலைகள் நறுக்காமல் அப்படியே ஈரத்துணியில்.

மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தார், "அதான் நீங்க மோந்து பாத்துட்டீங்களே, போட வேண்டியதுதானே? இருபது நிமிஷமா எல்லாரும் நிக்கறாங்க."

"நான் பாத்துட்டேன் சார். மாஸ்டர் இன்னும் பாக்கல" என்றாள் அக்கா. அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

சட்டையெல்லாம் வியர்வை. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, முதல் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவசரப்படவில்லை.